வெண்ட்லிங்கில் கார் உண்டா?

வெண்ட்லிங், நெப்ராஸ்கா
1987 ஜனவரி 12

அன்புத் தங்கை ரோவீனாவுக்கு டெல்ஃபா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதப் போய்க் கையை நிறுத்திக்கொண்டேன். எல்லோரும் என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான். நான் சுகம். கிளீட்டின் முழங்கால் எப்படி இருக்கிறது? அரிசோனா வெயிலில் வலி குறையும் என்றுதானே உன்னை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனார். குறைந்ததா என்று கேட்டு எழுது.

நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. அடியில் இரண்டு அழுகியிருந்தன, மற்றவை நன்றாக இருந்தன. விமான நிலையத்து அறையில் ஒரு தட்டில் வைத்தேன். விதை விற்கப் பறந்து வருகிறவர் ஒருவர் நான்கு பழம் தின்றுவிட்டுத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் பழம் சாப்பிடச் சொல்லியிருக்கிறாராம், மனைவிக்குக் காட்டச் சாட்சி வேண்டுமாம்.

ஒரு சேதி. ஓரின் போன பிறகு அவர் பார்த்த வேலையை ஜூலை வரை நானே பார்க்கலாம் என்று நகர மன்றம் சொல்லிவிட்டது. ஓடுதளத்து ஓரத்து வீட்டிலும் அதுவரை இருக்கலாம். அதற்குப் பிறகுதான் தெரியவில்லை. டிராக்டர் கடை மூடிவிட்டார்கள், துணிக்கடை மூடிவிட்டார்கள், இந்த நிலைமையில் ஊருக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம் எதற்கு என்று மன்றத்தில் கேட்கிறார்கள். ஜூலை முதல் திங்கட்கிழமைக்குள் ஒரு கம்பெனியாவது இங்கே வந்து தொழில் நடத்தச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் மூடிவிட்டு நிலத்தைச் சோளத்துக்கு விடுவார்கள்.

அதற்காக ஒரு குழு போட்டிருக்கிறார்கள். தலைவர் கேலார்ட். கல்யாண வீட்டிலும் இன்சூரன்ஸ் பேசுவாரே, அவரேதான். நேற்று வந்து காபி குடித்தார்.

"அக்கா, சோப்பு இருந்தா மட்டும் விக்காது, இருக்குன்னு ஊரக் கூட்டிச் சொல்லணும். நம்மகிட்ட நாலாயிரத்து இருநூறு அடி ஓடுதளம் கெடக்கு, ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார்.

"பறக்கிறவங்களுக்குத் தெரியும்ப்பா. மேலேருந்து பாத்தா தெரியத்தானே செய்யுது."

"அவங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? கம்பெனிக்காரனுக்குத் தெரியணும்."

என் வேலை பழையபடிதான். பெட்ரோல் ஊற்றுவது, பனி தள்ளுவது, ரேடியோவில் யாராவது கூப்பிட்டால் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று சொல்வது. நம் பக்கத்துச் சின்ன நிலையங்களுக்கெல்லாம் ரேடியோவில் ஒரே அலைதான். நான் பேசுவது முப்பத்திரண்டு மைல் தள்ளி கிராஸ்லி நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்லுக்குக் கேட்கும், அவர் பேசுவது எனக்குக் கேட்கும். இருபத்தாறு வருஷத்தில் அவரை நேரில் பார்த்தது நான்கு தடவை. ஆனால் அவருக்குச் சளி பிடித்தால் முதலில் தெரிகிறது எனக்குத்தான்.

நீங்கள் வெயிலில் பத்திரமாக இருங்கள். எனக்குக் கம்பளி போதும், அனுப்ப வேண்டாம்.

அக்கா
டெல்ஃபா


டூசான், அரிசோனா
ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

நாங்கள் இரண்டு பேரும் நலம். முழங்கால் குறைந்ததா என்று கேட்டேன். "குறைஞ்சது முடி மட்டுந்தான்" என்கிறார் உன் தங்கை புருஷன். உன் நலத்தை இன்னும் நாலு வரி சேர்த்து எழுதக் கூடாதா? நான் சுகம் என்று இரண்டு சொல் போட்டுவிட்டு, விதை விற்கிறவர் தின்ற ஆரஞ்சைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய்.

பின் அறைக்கு மஞ்சள் அடித்தாகிவிட்டது. உனக்குப் பிடித்த வெளிர் மஞ்சள். கிளீட்டே அடித்தார், தரையிலும் பாதி அடித்தார். ஜூலை வரை எதற்கு அங்கே காத்துக் கிடக்க வேண்டும்? ஓடுதளத்தைக் கேலார்ட் விற்கட்டும், இல்லை தின்னட்டும். நீ வா.

இன்னொன்று. பியூக் கார் என்ன ஆயிற்று? கிளீட்டின் தங்கைக்குப் பழைய கார் ஒன்று வேண்டுமாம், நல்ல விலை தருவாள். ஓரின் அத்தான் அதைத்தானே வந்து இறங்குகிற விமானிக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தார். ஆணியில் சாவி தொங்கும், பேர்கூடக் கேட்கிறதில்லை. எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் பெட்ரோல் போட்டுத் திருப்பி நிறுத்தினால் சரி. எல்லாச் சின்ன நிலையத்திலும் அதுதான் வழக்கம் என்பார். மற்ற ஊரில் நகராட்சியின் ஓட்டைக் காரைக் கொடுப்பார்கள், இவர் சொந்தக் காரைக் கொடுத்தார். நான் வந்திருந்த வருஷம் ஊரான் உன் காரில் போக, நீ புல் வெட்டுகிற டிராக்டரில் மளிகைக்குப் போனாயே, அதை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன்.

இப்போது ஊருக்குள் எப்படிப் போகிறாய்? எழுது.

உன்
ரோவீனா


வெண்ட்லிங்
பிப்ரவரி 22

அன்புள்ள ரோவீனா,

நான் சுகம். நாலு வரி கேட்டாயே: இரவில் தூக்கம் வருகிறது. பசிக்கிறது. போன வாரம் காது வலித்தது, இப்போது இல்லை. நான்காவது வரிக்கு ஒன்றும் இல்லை.

மஞ்சள் அடித்ததற்குக் கிளீட்டுக்கு நன்றி சொல். தரையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போகும்.

கேலார்டின் விளம்பரத் தாள் அச்சாகி வந்துவிட்டது. ஐநூறு. மூன்றாக மடித்தது, வழவழப்பான தாள். முன்னால் மேலிருந்து எடுத்த படம். கோடையில் எடுத்ததால் பச்சையாக இருக்கிறது, நம் வீட்டுக் கொடியில் துணி காய்வதும் தெரிகிறது. அச்சுக்கு முன்னாலேயே என்னிடம் காட்டினார்.

"அக்கா, தப்பு இருந்தா சொல்லுங்க. நீங்கதான் அங்கயே கெடக்கிறவங்க."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், மெதுவாகத்தான் படித்தேன். ஓடுதளத்தின் நீளம் சரி, விளக்குகள் சரி, இரண்டு கொட்டகை காலியாக இருப்பது சரி. கடைசியில், 'வருகிறவர்களுக்கு எந்நேரமும் இலவசக் கார் தயார்' என்று இருந்தது.

"சரியா இருக்காக்கா?"

"எழுத்தெல்லாம் சரியா இருக்குப்பா" என்றேன்.

குழுவில் எல்லோரும் உட்கார்ந்து உறை ஒட்டினார்கள். ஒமாஹா, டென்வர், மினியாபொலிஸ், எங்கெல்லாம் விமானத் தொழில் கம்பெனி இருக்கிறதோ அங்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நானும் நாற்பது உறைக்குத் தபால்தலை ஒட்டினேன். நாக்கு மரத்துப்போய்விட்டது.

மெர்லிடமும் கேலார்ட் பெருமைக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டு வந்தாராம். மறுநாள் மெர்ல் ரேடியோவில், "டெல்ஃபா, உங்க துணிக்கொடி உலகமெல்லாம் போகுது, அடுத்த படத்துக்கு நல்ல துணியாப் போடுங்க" என்றார். மேலே பறந்துகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தது கேட்டது.

கேலார்டின் மனைவி வியாழக்கிழமைகளில் மளிகை கொண்டுவந்து தருகிறாள். எனக்குக் குறை இல்லை.

அக்கா
டெல்ஃபா


டூசான்
மார்ச் 8

அக்காவுக்கு,

நலம். தரையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம், இப்போது மஞ்சளும் போகவில்லை, நாற்றமும் போகவில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதவில்லை நீ. பியூக்கைப் பற்றிக் கேட்டேன். விற்றுவிட்டாயா, வைத்திருக்கிறாயா? கார் இருக்கும்போது எதற்குக் கேலார்டின் மனைவி மளிகை கொண்டுவருகிறாள்? கிளீட்டின் தங்கைக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

ரோவீனா


வெண்ட்லிங்
ஏப்ரல் 20

அன்புள்ள ரோவீனா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு நீ அனுப்பிய அட்டை வந்தது. உங்கள் இருவர் நலத்தையும் விரும்புகிறேன்.

பனி போய்விட்டது. வயலுக்கு மருந்து தெளிக்கிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஆப்பிள் பை செய்து வைக்கிறேன், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மினியாபொலிஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் தன் விமானத்தில் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். டோல்ஃப்சன் என்று பேர். விமானத்து விசிறிகளைப் பழுது பார்க்கிற தொழில், பதினான்கு பேர் வேலை செய்கிறார்களாம், அங்கே வாடகை கட்டுபடியாகாமல் சின்ன ஊராகத் தேடுகிறாராம். கையில் நம் விளம்பரத் தாள் இருந்திருக்கிறது. கடைசியில் இங்கே இறங்காமல் கிராஸ்லியில் இறங்கிவிட்டார். அங்கே ஊரைச் சுற்றிப் பார்த்து, மேயரோடு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். கேலார்டுக்கு நான்கு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

"எப்படிக்கா? நம்ம தாள கையில வச்சிக்கிட்டு எப்படி அங்க போவான்? அன்னிக்கு ரேடியோல ஒண்ணும் கேக்கலையா?" என்றார்.

காற்று அதிகமாக இருந்தது என்று சொன்னேன். அன்றைக்குக் காற்று அதிகம்தான்.

மன்றத்தில் கேலார்டை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஊர்ப் பணத்தில் அச்சடித்து, கிராஸ்லிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு. அந்த மனிதர் இளைத்துவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை. கிளீட்டின் தங்கையிடம் வேறு கார் பார்க்கச் சொல்.

டெல்ஃபா


டூசான்
ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

கிளீட்டுக்குக் கொஞ்சம் இருமல், எனக்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ வீட்டில்தான் இருந்திருப்பாய், எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ அந்த ரேடியோவின் பக்கத்தில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். நான் வந்திருந்தபோது குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்து ஒருவருக்குக் காற்று சொன்னாய். விமானம் வந்து கூப்பிட்டு, உன் காதில் விழாமல் போனது என்று கேலார்ட் நம்பலாம்.

என்னிடம் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்வாய்? நான் திட்ட மாட்டேன். திட்டினாலும் இவ்வளவு தூரத்திலிருந்து திட்டுவதில் என்ன ஆகிவிடும்?

காத்திருக்கிறேன்.

ரோவீனா


வெண்ட்லிங்
மே 24

அன்புள்ள ரோவீனா,

கிளீட்டின் இருமல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். தேனில் எலுமிச்சை பிழிந்து கொடு.

இதை எழுத நாலு வாரம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அன்றைக்கு அவர் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. காற்று கேட்டார், சொன்னேன். ஓடுதளம் கேட்டார், சொன்னேன். அப்புறம், "வெண்ட்லிங், ஊருக்குள்ள போக கார் உண்டா?" என்றார். மைக் என் கையில்தான் இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. கார் இல்லை, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் கேலார்டே செருப்புப் போடாமல் ஓடி வந்திருப்பார். அதுகூட அப்போது தோன்றவில்லை. மறுபடியும் கேட்டார். அப்போதும் நான் பேசவில்லை.

மெர்லுக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் உடனே பேசவில்லை, ரோவீனா. என் பதிலுக்காகப் பொறுத்தார். நான் மனசுக்குள் எண்ணினேன், இருபது வரை எண்ணியிருப்பேன். அதற்குப் பிறகுதான், ரொம்பத் தாழ்ந்த குரலில், "கிராஸ்லில கார் இருக்கு, வாங்க" என்றார். நானாயிருந்தால் அவ்வளவு பொறுத்திருக்க மாட்டேன்.

பியூக் கொட்டகையில் இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறேன்.

ஓரின் உயிர் காரில்தான் போனது என்பது உனக்குத் தெரியும். மற்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை பந்தாட்டம். வர்ணனையை அறைக்குள்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் விமானக்காரர்கள் பேசுவது எனக்கு விளங்கவில்லை. "தலை வலிக்குது, அந்தக் கூத்தக் கார்ல போய் வச்சிக்குங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். வாசலுக்கு முன்னால்தான் கார். எப்போதும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் புள்ளி எடுத்தால் ஹாரன் அடிப்பார். நான் உள்ளேயிருந்து சன்னலைத் தட்டித் திட்டுவேன். அன்றைக்கு ஹாரன் சத்தமே இல்லை. நம் ஆட்கள் தோற்கிறார்கள் போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று, அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன். மாவு பிசைந்தேன். கோப்பைகளைக் கழுவினேன். இரண்டு மணி நேரம். மறுநாள் பேப்பரில் யாரோ காட்டினார்கள், அன்றைக்கு நம் ஆட்கள் ஐந்து தடவை எல்லை தாண்டிப் புள்ளி எடுத்து ஜெயித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் காரில் யாரையும் உட்கார விடவில்லை. இருக்கை அவர் காலுக்குத் தோதாகப் பின்னால் தள்ளியிருக்கிறது. யார் உட்கார்ந்தாலும் முன்னால் இழுப்பார்கள்.

ஜூன் ஒன்றாம் தேதி மன்றம் கூடுகிறது. கேலார்டைக் குழுவிலிருந்து எடுக்கப் போகிறார்களாம். பதினான்கு பேர் வேலையோடு வர இருந்த ஒரு தொழிலை அவர் கோட்டைவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவர் ஒன்றும் விடவில்லை. நான் எழுந்து சொல்லலாம் என்று இருக்கிறேன். சொன்னால் இந்த ஊரில் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. போன் செய்யாதே, என்னால் பேச முடியாது.

அக்கா


டூசான்
மே 28

அக்கா,

இருவரும் நலம். கடிதம் இன்று காலை வந்தது, இதை மத்தியானத் தபாலில் போடுகிறேன்.

படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்திருந்தேன். கிளீட் வந்து என்ன என்றார். "அத்தானை அக்கா வெளிய அனுப்பினாளாம்" என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னை இவ தினமும்தான் வெளிய அனுப்புறா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுதேன்.

போய்ச் சொல். நீல கவுனைப் போட்டுக்கொள். எழுதிவைத்துப் படிக்காதே, உனக்குப் படிப்பதென்றால் குரல் தேய்ந்துவிடும். பந்தாட்டத்தைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, அது உன்னுடையது. கார் இருந்தது, கொடுக்கவில்லை, கேலார்டுக்குத் தெரியாது, அவ்வளவு போதும்.

மஞ்சள் அறை எங்கேயும் போகவில்லை. ஆனால் இனிமேல் வா வா என்று எழுத மாட்டேன்.

ரோவீனா


வெண்ட்லிங்
ஜூலை 9

அன்புள்ள ரோவீனா,

சுகம்தான். உங்கள் நலத்துக்கு எழுது.

நீல கவுன் போட்டுக்கொண்டு போனேன். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. எழுந்து சொன்னேன். கார் இருக்கிறது, நான் பூட்டி வைத்தேன், ரேடியோவில் அவர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை, கேலார்டுக்கு இதில் ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் யாரோ, "அடப் பாவமே" என்றார்கள். எனக்கா, ஊருக்கா என்று தெரியவில்லை.

கேலார்ட் வெளியே வந்து என்னைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. என் பழைய ஃபோர்ட கொண்டாந்து நிறுத்தியிருப்பேனே. ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கலாம்ப்பா."

அவர் திரும்பி நடந்துவிட்டார். அவர் மனைவி அந்த வியாழக்கிழமை வரவில்லை. கடையில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்தத் தொழில் வந்திருந்தால் அவர்கள் மகன்களுக்கு வேலை கிடைத்திருக்கும்.

அதோடு விட மனசில்லாமல் டோல்ஃப்சனுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். எழுத்துப்பிழை எத்தனை என்று கடவுளுக்குத் தெரியும். உங்களுக்குப் பதில் சொல்லாதது நான், ஊர் இல்லை, ஊரை ஒரு தடவை பாருங்கள் என்று எழுதினேன். பதில் வரவில்லை.

ஜூன் பத்தொன்பதாம் தேதி காலையில் ரேடியோவில் அவர் குரல். காற்று கேட்டார், ஓடுதளம் கேட்டார். கார் உண்டா என்று கேட்டார். "உண்டு. வாசல்ல நிக்கும்" என்றேன். அவர் இறங்குவதற்குள் கொட்டகைக்கு ஓடிப் போய்ப் பூட்டைத் திறந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். முதல் திருப்பிலேயே கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது.

அவர் குள்ளமான மனிதர். உட்கார்ந்ததும் இருக்கையை முன்னால் இழுத்தார், சடக்கென்று ஒரு சத்தம். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ரோவீனா. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார், நான் உள்ளே போய்க் காபி போட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தார். பெட்ரோல் நிரப்பியிருந்தார்.

"ஊர் நல்லாருக்கும்மா. இங்க சாப்பாடும் நல்லாருக்கு, கிராஸ்லில தின்னது வாயில வைக்க முடியல" என்றார். அப்புறம், "ஆனா மே ரெண்டாம் தேதியே அங்க கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க லெட்டர் வந்தப்போ ஒரு மாசம் ஆயிருச்சு" என்றார்.

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"போன்ல சொல்ற விஷயமா இது?" என்றார். இரண்டாவது கோப்பை காபியும் குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை ஆறாம் தேதி வாக்கெடுப்பு. மூன்றுக்கு இரண்டு. ஆகஸ்ட் கடைசியோடு மூடுகிறார்கள்.

டெல்ஃபா


டூசான்
ஜூலை 18

அக்கா,

நலம். இங்கே வெயில், நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை.

மூன்றுக்கு இரண்டு என்றால் உனக்காக இரண்டு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். அதை நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

வா என்று எழுத மாட்டேன் என்று சொன்னேன், எழுதவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் தெரிவி. அக்டோபரில் நாங்கள் அந்தப் பக்கம் வருகிறோம், நீ எங்கே இருந்தாலும்.

ரோவீனா


வெண்ட்லிங்
ஆகஸ்ட் 30

அன்புள்ள ரோவீனாவுக்கும் கிளீட்டுக்கும்,

நான் சுகம். இது இந்த வீட்டிலிருந்து எழுதும் கடைசிக் கடிதம்.

பத்து நாளுக்கு முன் மெர்ல் ரேடியோவில் கூப்பிட்டார். விசிறிக் கடை வந்தால் விமானங்கள் அதிகம் வருமாம், தனியாகச் சமாளிக்க முடியாதாம். "டெல்ஃபா, நீங்க சும்மாதானே இருக்கப் போறீங்க. இங்க வந்து இந்த மைக்கப் புடிங்களேன்" என்றார். எல்லோருக்கும் கேட்கிற அலையில், யோசிக்காமல். நான் அன்றைக்குப் போலப் பேசாமல் இருந்தேன். எங்கேயோ மேலே பறந்துகொண்டிருந்த ஒருவர், முகம் தெரியாதவர், நடுவில் புகுந்து, "ஒத்துக்கங்கம்மா, புண்ணியமாப் போகும். மெர்ல் போடுற காபி கழனித்தண்ணி" என்றார். இன்னொருவர், "ஆமாம்மா" என்றார்.

"அன்னிக்கு நான் பேசாததுதான் உங்களுக்கு லாபம் மெர்ல். அதுக்குக் கூலியா இது?" என்று கேட்டேன்.

"உங்க ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் அப்ப. இப்ப எல்லாம் தெரியும். ஆள் வேணும் எனக்கு, அவ்வளவுதான்" என்றார்.

சரி என்று சொன்னேன். கிராஸ்லியில் இரும்புக் கடைக்கு மேல் ஓர் அறை பார்த்திருக்கிறேன். சன்னல் கிழக்கே பார்த்தது. அக்டோபரில் நீங்கள் வந்தால் ஒருவர் கட்டிலிலும் ஒருவர் சோபாவிலும் படுக்க வேண்டியிருக்கும். கிளீட்டுக்குச் சோபா.

மூடிய ஓடுதளத்தில் இரண்டு முனையிலும் பெரிதாகப் பெருக்கல் குறி போட வேண்டும், மஞ்சளில், மேலிருந்து பார்க்கிறவன் இறங்காதபடி. அது சட்டம். நகராட்சி ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. நானே போடுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். நேற்றுக் காலையில் தென்முனையில் முட்டி போட்டுக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். கேலார்டின் ஃபோர்டு வந்து நின்றது. ஜூனுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. இறங்கி வந்து இன்னொரு தூரிகையை எடுத்து மறு கோட்டைப் பிடித்தார். நல்ல பேன்ட் போட்டிருந்தார்.

தென்முனை முடிந்து, வடமுனைக்கு வந்து பாதி அடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஐநூறு தாள் அனுப்பினேன்க்கா. ஒரே ஒருத்தன் வந்தான்."

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் அடித்தார்.

"வந்தான்ல?"

"வந்தாரு."

"அப்போ தாள் நல்லாத்தான் இருந்திருக்கு."

"ரொம்ப நல்லா இருந்துச்சு கேலார்ட்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, என் பக்கத்துக் கோடு கோணலாகப் போகிறது என்றார். கோணலாகத்தான் போயிருந்தது.

அறைச் சுவரில் வெளியே ஒரு ஒலிபெருக்கி மாட்டியிருக்கிறது, வடமுனை வரை கேட்கும். நாங்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குரல் வந்தது. "வெண்ட்லிங், பத்து மைல் மேற்கே இருக்கேன், காத்து எப்படி?" கேலார்ட் என்னைப் பார்த்தார். எழுந்து ஓடினேன். ஓடினேன் என்றா சொன்னேன், என் முழங்காலுக்கு அது ஓட்டம். மைக்கெல்லாம் மஞ்சள் ஆகிவிட்டது.

"வெண்ட்லிங் மூடியாச்சுங்க. ஓடுதளத்துல பெயின்ட் ஈரமா இருக்கு, இறங்காதீங்க. கிழக்கே முப்பத்திரண்டு மைல்ல கிராஸ்லி. தெற்குக் காத்து, பத்து. பெட்ரோல் இருக்கு, கார் இருக்கு, எல்லாம் இருக்கு. திங்கட்கிழமையிலேருந்து காபியும் நல்லாருக்கும்."

எங்கேயோ மெர்ல் கனைக்கிற சத்தம் கேட்டது.

"நன்றி, வெண்ட்லிங்" என்றார் அந்த விமானி. வெளியே வந்து பார்த்தேன். சின்ன வெள்ளை விமானம், எங்கள் தலைக்கு மேலே வந்து கிழக்கே திரும்பியது. கேலார்ட் தூரிகையைத் தூக்கிக் காட்டினார்.

சாயம் இன்னும் ஒரு டப்பா மீதி இருக்கிறது. இனிமேல் கிராஸ்லிக்கு எழுது, இரும்புக் கடை மாடி என்று போட்டால் வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இருவரும்.

அக்கா
டெல்ஃபா